குறிப்பிட்ட பதிப்பையே கட்டளைவரியில் நிறுவுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் வார இறுதிகளில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பப் பாடம் எடுக்கிறேன். வகுப்பு முடிந்த பின்னர் நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் தொலைபேசி வரும். அவற்றுள் பாதி, ஒரு மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்பை நிறுவ முடியவில்லை என்பதாகவே இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

தொலைபேசியில் கட்டளைகளை வாயால் சொல்லிப் பழகியதால், இங்கும் அவற்றை ஒலிக்கும்படியே தமிழில் எழுதியுள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். "பெயர்" என்று வரும் இடத்தில் உங்களுக்கு வேண்டிய பொதியின் (நிறுவத் தயாராகக் கட்டி வைத்த மென்பொருளின்) பெயரையும், "பதிப்பு" என்று வரும் இடத்தில் பதிப்பு எண்ணையும் இடுங்கள். இரண்டு சிறு கோடுகள் வரும் இடத்தில் அவற்றுக்கிடையே இடைவெளி விடக்கூடாது.

"புதுசு இருக்கேக்க ஏன் சேர் பழைய வேர்ஷனைத் தேடிப் போட வேணும்?"

பெரும்பாலான நேரங்களில் போடத் தேவையில்லை. ஆனால் ஒரு நிரல் எந்தப் பதிப்பை நம்பி எழுதப்பட்டதோ, அதை விட்டு வேறொன்றைக் கொடுத்தால் சில சமயம் ஓடாது. 2024 ஜூனில், பைதன் மொழிக்கான கணித நூலகமான நம்பையின் 2.0 பதிப்பு வெளிவந்தபோது நடந்தது இதுதான். 1 எனத் தொடங்கும் பதிப்புகளுக்காகத் தொகுக்கப்பட்டிருந்த பல பொதிகள் 2.0 உடன் இயங்க மறுத்தன. மூத்த மாணவர் ஒருவரின் செயற்றிட்டத்தைத் தன் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்த ஒரு மாணவி, ஒரு வரியையும் மாற்றாமலே திரை நிறையப் பிழை வருகிறது என்று திகைத்துப் போனார். நம்பையை 1.26.4 ஆக்கியதும் அதே நிரல் ஓடியது.

"1.9 பெரிசா, 1.10 பெரிசா?"

1.10 தான் பெரியது. பதிப்பு எண் தசம எண் அன்று. புள்ளி என்பது வெறும் பிரிப்புக்குறி. புள்ளிக்குப் பின்னுள்ள 9ஐயும் 10ஐயும் தனித்தனி முழு எண்களாக ஒப்பிட வேண்டும். பொதுவாக முதல் எண் மாறினால் பழைய நிரல்கள் உடையக்கூடும், நடு எண் மாறினால் புதிய வசதி சேர்ந்திருக்கும், கடைசி எண் மாறினால் வழு திருத்தப்பட்டிருக்கும் என்பது வழக்கம். ஆயினும் எல்லா ஆக்குநர்களும் அவ்வழக்கத்தைக் காப்பாற்றுவதில்லை.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் "~" என்ற அலைக்குறி வந்தால் அது வெளியீட்டுக்கு முந்தியது என்று பொருள். ஆகவே 2.0~ஆர்சி1 என்பது 2.0 ஐ விடச் சிறியது.

"ஒருத்தர் ஆப்ட் எண்டுறார், ஒருத்தர் பிப் எண்டுறார். எதில போடுறது?"

இரண்டும் பொதிகளை நிறுவும் கட்டளைகள். நீங்கள் நிறுவ விரும்புவது யாருக்குத் தேவை என்று பாருங்கள். கணினி முழுவதற்குமான மென்பொருள் என்றால் உபுண்டுவிலும் டெபியனிலும் ஆப்ட்; விண்டோஸில் விங்கெட். உங்கள் பைதன் நிரலுக்கு மட்டும் தேவையான நூலகம் என்றால் பிப். ஜாவாஸ்கிரிப்ட் செயற்றிட்டத்துக்கு என்பிஎம். ஒரே பொதியை ஆப்ட்டிலும் பிப்பிலும் மாறி மாறி நிறுவினால் எது ஓடுகிறது என்பதே தெரியாமல் போகும். எனக்கு வரும் அழைப்புகளில் மிகவும் சிக்கலானவை இப்படித் தொடங்கியவைதான்.

"பிப்பில குறிப்பிட்ட வேர்ஷனை எப்படிக் கேட்கிறது?"

இரண்டு சமன் குறிகளால் கேட்க வேண்டும்: `பிப் இன்ஸ்டோல் நம்பை==1.26.4`. ஒரு சமன் குறி மட்டும் இட்டால் பிழை வரும். குறிகளின் இருபக்கமும் இடைவெளி வேண்டாம்.

எந்தப் பதிப்புகள் உள்ளன என்று பார்க்க `பிப் இண்டெக்ஸ் வேர்ஷன்ஸ் நம்பை` என்று கேட்கலாம். நான் வகுப்பில் காட்டுவது வேறொரு குறுக்கு வழி: `பிப் இன்ஸ்டோல் நம்பை==99` என்று இல்லாத ஒன்றைக் கேளுங்கள். அது இல்லை என்று மறுத்துவிட்டு, உங்கள் கணினிக்குக் கிடைக்கக்கூடிய பதிப்புகளையெல்லாம் பிழைச் செய்தியிலேயே வரிசையாகச் சொல்லிவிடும்.

"பெரிசு-சமன் போட்டு அடிச்சன். திரையில ஒண்டுமே வரேல்ல. போட்டுதா, போடேல்லையா?"

போட்டது, ஆனால் நீங்கள் கேட்டதை அன்று. இப்படி அழைத்த ஒரு மாணவனின் லினக்ஸ் கணினியில் கோப்புறையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அங்கே "=1.20" என்ற பெயரில் புதிதாக ஒரு கோப்பு இருந்தது. திறந்தால், திரையில் வந்திருக்க வேண்டிய பிப்பின் பேச்சு முழுவதும் அதற்குள் இருந்தது.

காரணம் இதுதான். `பிப் இன்ஸ்டோல் நம்பை>=1.20` என்று எழுதும்போது, ">" என்ற குறியைப் பிப் பார்ப்பதற்கு முன்னரே கட்டளைவரி எடுத்துக்கொள்கிறது. அதன் மொழியில் அக்குறிக்கு "வெளியீட்டை இந்தக் கோப்பில் எழுது" என்று பொருள். எனவே பிப்பின் காதில் விழுந்தது "நம்பையை நிறுவு" என்பது மட்டுமே. அது கிடைத்ததில் புதியதை நிறுவிவிட்டது. "<2" என்று எழுதினால் இதற்கு மறுதலையாக, 2 என்ற பெயரில் கோப்பு இல்லை என்று கட்டளைவரி கோபிக்கும். மேற்கோள் குறிக்குள் இட்டால் இரண்டும் தீரும்: `பிப் இன்ஸ்டோல் "நம்பை>=1.20,<2"`. அந்த "=1.20" கோப்பை அழித்துவிடலாம்.

"அந்த வேர்ஷன் இருக்கு எண்டு இணையத்தில காட்டுது. பிப் மட்டும் இல்லை எண்டுது."

இருக்கிறது, ஆனால் உங்கள் பைதனுக்கு இல்லை. ஒவ்வொரு பதிப்பும் எந்தெந்தப் பைதனில் ஓடும் என்று தன்னுடன் அறிவித்து வருகிறது. பொருந்தாததைப் பிப் கண்ணுக்கே காட்டாது. விண்டோஸ் 7 உள்ள பழைய கணினிகளை இன்னும் பலர் வைத்திருப்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன். விண்டோஸ் 7 இல் நிறுவக்கூடிய கடைசிப் பைதன் 3.8. பைதன் 3.8 க்குக் கிடைக்கும் கடைசி நம்பை 1.24.4. ஆகவே அந்தக் கணினியில் 1.26.4 ஐ எத்தனை முறை கேட்டாலும் "இல்லை" என்ற பதில்தான் வரும்.

மறுபக்கச் சிக்கலும் உண்டு. பைதன் 3.13 போன்ற புதியதில் 1.26.4 ஐக் கேட்டால், முன்கூட்டியே தொகுத்த கோப்பு இல்லாததால் பிப் மூல நிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே தொகுக்க முயலும். தொகுப்பி இல்லாத கணினியில் அது நீண்ட சிவப்பெழுத்தில் முடியும். இரண்டு நிலைகளிலும் முதலில் `பைதன் --வேர்ஷன்` என்று கேட்டுப் பாருங்கள். பொதியின் பதிப்பைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பைதனின் பதிப்பைச் சொல்லாமல் விடுவதே வழக்கம். நான் முதலில் திருப்பிக் கேட்பதும் அதைத்தான்.

"எக்ஸ்டேர்னலி மேனேஜ்ட் எண்டு ஒரு பிழை வந்து பிப்பே வேலை செய்யேல்ல."

டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகியவை 2023 இல் வந்ததிலிருந்து, கணினியின் சொந்தப் பைதனுக்குள் பிப் கைவைப்பதை அவை தடுக்கின்றன. இயங்குதளத்தின் சில கருவிகளே அந்தப் பைதனில் ஓடுவதால், நீங்கள் ஒரு நூலகத்தின் பதிப்பை மாற்றினால் அவையும் உடையும் என்பதே காரணம். தடையை உடைக்கும் தெரிவு ஒன்றும் பிழைச் செய்தியிலேயே எழுதப்பட்டிருக்கும். அதன் பெயரிலேயே "பிரேக்" என்ற சொல் இருப்பதைக் கவனித்து விலகி இருங்கள்.

செய்ய வேண்டியது, செயற்றிட்டத்துக்கென்று தனிச் சூழல் ஒன்றை உருவாக்குவது. கோப்புறைக்குள் சென்று `பைதன்3 -எம் வென்வ் .வென்வ்` என்று இட்டு, பிறகு `சோர்ஸ் .வென்வ்/பின்/அக்டிவேட்` என்று இடுங்கள். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சூழலின் பெயர் தோன்றும். அது தெரிந்துகொண்டிருக்கும்வரை பிப் செய்வதெல்லாம் அந்தக் கோப்புறைக்குள்ளேயே நிற்கும். உபுண்டுவில் முதலாவது கட்டளை பிழை தந்தால் `சுடோ ஆப்ட் இன்ஸ்டோல் பைதன்3-வென்வ்` தேவைப்படுகிறது. (சுடோ என்றால் நிர்வாகி அதிகாரத்துடன் ஓட்டு என்று பொருள்.) ஒரு சூழலில் நம்பை 1.26.4, இன்னொன்றில் 2.0 என்று இரண்டையும் சண்டையின்றி வைத்திருக்கலாம்.

"ஆப்ட்டில சமன் போட்டு 1.18 எண்டு குடுத்தன். அப்படி ஒரு வேர்ஷன் இல்லையாம்."

ஆப்ட்டில் ஒரு சமன் குறிதான்: `சுடோ ஆப்ட் இன்ஸ்டோல் பெயர்=பதிப்பு`. ஆனால் இங்கே பதிப்பு என்பது ஆக்குநர் இட்ட எண் மட்டும் அன்று. டெபியனோ உபுண்டுவோ பொதி கட்டியபோது சேர்த்த வாலும், சிலவற்றில் முன்னால் "1:" என்று வரும் தலையும் சேர்ந்ததே முழுப் பதிப்பு. அதில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் இல்லை என்றே சொல்லும்.

முதலில் `சுடோ ஆப்ட் அப்டேட்`, பிறகு `ஆப்ட் லிஸ்ட் -ஏ பெயர்`. வருவதிலிருந்து முழுப் பதிப்பையும் பிரதி செய்து ஒட்டுங்கள். கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். எந்தக் களஞ்சியத்திலிருந்து (பொதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணைய இடத்திலிருந்து) வருகிறது என்றும் தெரிய வேண்டுமானால் `ஆப்ட்-கேஷ் பொலிசி பெயர்` நன்றாகக் காட்டும்.

"பட்டியலில ரெண்டே ரெண்டுதான் காட்டுது. நடுவில வந்ததெல்லாம் எங்க?"

உபுண்டுவின் களஞ்சியத்தில் ஒரு வெளியீட்டுக்கு, தொடக்கத்தில் வந்த பதிப்பும் பின்னர் வந்த திருத்தங்களில் ஆகக் கடைசியானதும் மட்டுமே நிற்கும். இடையிலிருந்தவை நீக்கப்பட்டுவிடும். எல்லாப் பதிப்பும் எங்கோ கிடக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பிப்பின் களஞ்சியம் பழையவற்றையும் வைத்திருப்பதால் வந்த பழக்கம் அது. ஆப்ட் அப்படி அல்ல.

நடுப் பதிப்புகளை உபுண்டுவுக்கு லோஞ்ச்பேட் தளத்திலும், டெபியனுக்கு ஸ்னப்ஷொட் என்ற அதன் காப்பகத்திலும் தேடலாம். கிடைத்த டெப் கோப்பை, அதாவது பொதியின் கோப்பை, `சுடோ ஆப்ட் இன்ஸ்டோல் ./கோப்புப்பெயர்` என்று நிறுவுங்கள். அந்த "./" முக்கியம், அது இல்லாவிட்டால் ஆப்ட் களஞ்சியத்தில் போய்த் தேடும். முகவரி தெரியாத தளங்களிலிருந்து டெப் கோப்புகளை எடுக்காதீர்கள். நிறுவும்போது அக்கோப்புக்குள் இருக்கும் கட்டளைகள் முழு அதிகாரத்துடன் ஓடும்.

"பழசுக்கு இறக்கேக்க ஒரு பெரிய பட்டியல் வந்தது. வை எண்டு அழுத்தலாமா?"

பட்டியலை வாசிக்காமல், "ஆம்" என்று பொருள்படும் அந்த எழுத்தை அழுத்த வேண்டாம். "நீக்கப்படும்" என்ற தலைப்பின் கீழ் வருபவை எவை என்று பாருங்கள். ஒரு சிறு நூலகத்தைக் கீழிறக்கப் போய், அதைச் சார்ந்திருந்த திரைச்சூழல் முழுவதையும் நீக்கச் சம்மதித்து, மறுநாள் கறுப்புத் திரையுடன் பையில் கணினியைக் கொண்டுவந்த ஒருவர் எனக்கு உண்டு. நிறுவாமல் ஒத்திகை மட்டும் பார்க்க `ஆப்ட் இன்ஸ்டோல் -எஸ் பெயர்=பதிப்பு` என்று இடலாம்.

சில பொதிகள் இரட்டையர் போன்றவை. லிப்சி6-டெவ் என்பது தன்னுடைய அதே பதிப்பு லிப்சி6 ஐ மட்டுமே ஏற்கும். அத்தகையவற்றை ஒரே கட்டளையில் இரண்டுக்கும் பதிப்புக் குறித்துக் கேட்க வேண்டும். தரவுத்தளமாக இருந்தால் இன்னொரு மடங்கு கவனம் தேவை. புதிய பதிப்பு மாற்றி எழுதிய தரவைப் பழையது வாசிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது; போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்றவற்றில் முதல் எண் மாறினாலே தரவுக் கோப்புறை பொருந்தாது. பிரதி எடுக்காமல் இறக்காதீர்கள்.

"சரியாப் போட்டன். ரெண்டு நாளில திரும்பப் புதுசாகிட்டுது!"

இது என் சொந்த அனுபவமும் கூட. ஓர் அலுவலகத்தின் கணினியில் ஒரு பொதியை மாலையில் கீழிறக்கிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினேன். காலையில் அதே பிழை, அதே தொலைபேசி. உபுண்டு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே இறக்கி நிறுவும்; நான் இறக்கிய பொதிக்கு அத்தகைய திருத்தம் இருந்ததால் இரவோடிரவாக அது மேலேறிவிட்டது.

`சுடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட் பெயர்` என்று இட்டால் அது அதே பதிப்பில் நிற்கும்; தானியங்கிப் புதுப்பிப்பும் அதை மதிக்கும். விடுவிக்க `அன்ஹோல்ட்`. நிறுத்தி வைத்தவற்றைப் பார்க்க `ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்`. நிறுத்தி வைப்பது எளிது. வைத்ததை மறப்பது அதைவிட எளிது. நான் கணினியின் ஓரத்தில் திகதியுடன் ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறேன்.

"பயர்பொக்ஸுக்கு நீங்க சொன்ன மாதிரிச் செய்தன். ஆப்ட்டில விசித்திரமான ஒரு வேர்ஷன்தான் இருக்கு."

உபுண்டு 22.04 இலும் அதன் பின்னரும் பயர்பொக்ஸ், ஆப்ட்டிலிருந்து வேறான ஸ்னப் என்ற வகைப் பொதியாக வருகிறது. ஆப்ட்டில் இருப்பது ஸ்னப்பை அழைத்துவரும் ஒரு வெற்றுப் பொதி. அதனால்தான் அதன் பதிப்பில் "ஸ்னப்" என்ற சொல்லே இருக்கிறது. `ஸ்னப் லிஸ்ட் --ஓல்` என்பது கணினியில் எஞ்சியிருக்கும் முந்தியதையும் சேர்த்துக் காட்டும். `சுடோ ஸ்னப் ரிவேர்ட் பயர்பொக்ஸ்` அதற்குத் திரும்பும். ஆனால் ஆப்ட்டைப் போல விரும்பிய பதிப்பு எண்ணைச் சொல்லிக் கேட்க முடியாது.

"முன்னம் நல்லா ஓடினது. எந்த வேர்ஷன் இருந்தது எண்டு தெரியாது."

ஆப்ட் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது. `/வார்/லொக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லொக்` என்ற கோப்பைத் திறந்து, பிழை தொடங்கிய நாளைத் தேடுங்கள். எந்தப் பொதி எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறியது என்று அடைப்புக்குறிக்குள் இரண்டும் அருகருகே இருக்கும். பிப் அவ்வாறு குறித்து வைப்பதில்லை. அங்கே நீங்களேதான் எழுதி வைக்க வேண்டும். கீழே இரண்டு கணினிகள் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

"வீட்டில டேட்டா இல்லை. டவுனில இறக்கிப் பென்டிரைவில கொண்டு போகலாமா?"

தாராளமாக. `பிப் டவுன்லோட் -டி பொதிகள் நம்பை==1.26.4` என்று இட்டால், அதுவும் அது சார்ந்தவையும் "பொதிகள்" என்ற கோப்புறையில் சேரும். வீட்டில் `பிப் இன்ஸ்டோல் --நோ-இண்டெக்ஸ் --பைன்ட்-லிங்க்ஸ்=பொதிகள் நம்பை==1.26.4` என்று இட்டால் இணையம் இல்லாமலே நிறுவப்படும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இறக்கிய கோப்பின் பெயரைப் பாருங்கள்: பதிப்பு எண்ணுக்குப் பின்னால் சிபி310 என்றும், அதற்குப் பின் வின் அல்லது லினக்ஸ் என்றும் இருக்கும். முதலாவது பைதன் 3.10 க்கு உரியது என்றும், அடுத்தது எந்த இயங்குதளத்துக்கு என்றும் சொல்கிறது. நகரில் விண்டோஸில் இறக்கியது குச்சவெளியில் உள்ள லினக்ஸுக்கு உதவாது. இரண்டு கணினியிலும் ஒரே இயங்குதளமும் ஒரே பைதனும் இருந்தால் கவலையில்லை; இல்லாவிட்டால் இறக்கும்போதே `--பிளட்ஃபோர்ம்`, `--பைதன்-வேர்ஷன்` ஆகிய தெரிவுகளுடன் `--ஒன்லி-பைனரி=:ஓல்:` என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பேருந்தில் ஒரு மணி நேரம் போய் இதைக் கண்டுபிடிப்பது எரிச்சலான காரியம்.

"விண்டோஸில?"

`விங்கெட் ஷோ --ஐடி பெயர் --வேர்ஷன்ஸ்` பட்டியல் தரும். `விங்கெட் இன்ஸ்டோல் --ஐடி பெயர் --வேர்ஷன் பதிப்பு` நிறுவும். `விங்கெட் பின் அட் --ஐடி பெயர்` என்பது, எல்லாவற்றையும் ஒன்றாக மேம்படுத்தும்போது அதை மட்டும் விட்டுவைக்கும். விங்கெட் கோப்பைத் தானே வைத்திருப்பதில்லை. ஆக்குநரின் தளத்திலிருந்தே இறக்குகிறது. ஆகவே பட்டியலில் உள்ள பழைய பதிப்பை ஆக்குநர் நீக்கியிருந்தால் இறக்கும்போது பிழை வரும்.

"என்பிஎம்மில 4.18.2 எண்டு குடுத்தன். கோப்பில கூரைக்குறியோட எழுதி வைச்சிருக்கு. ஏன்?"

`என்பிஎம் இன்ஸ்டோல் பெயர்@4.18.2` என்பது அன்று அதையேதான் நிறுவுகிறது. ஆனால் செயற்றிட்டத்தின் பொதிப் பட்டியல் கோப்பில் "^4.18.2" என்று எழுதி, இனிமேல் 5 க்குக் கீழுள்ள எந்தப் புதியதும் சரி என்று குறித்துக்கொள்கிறது. மாறாத எண் வேண்டுமானால் `--சேவ்-எக்ஸாக்ட்` சேர்க்கவும். 0 இல் தொடங்கும் பதிப்புகளுக்குக் கூரைக்குறி இன்னும் இறுக்கமானது: ^0.2.3 என்பது 0.3.0 ஐ அனுமதிக்காது.

"ரெண்டு கணினியிலும் ஒரே வேர்ஷன் போட்டன். ஒண்டில ஓடுது, மற்றதில ஓடேல்ல."

நீங்கள் குறித்தது ஒரு பொதியின் பதிப்பை மட்டும். அது தன்னுடன் அழைத்துவரும் மற்றவற்றுக்கு எண் குறிக்கவில்லை. சென்ற மாதம் நிறுவிய கணினிக்கு அன்றிருந்தவையும், இன்று நிறுவியதற்கு இன்றிருப்பவையும் வந்திருக்கும். ஓடுகின்ற கணினியில், அந்தச் சூழலுக்குள் நின்று, `பிப் ஃப்ரீஸ் > ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி` என்று இடுங்கள். (இங்கே அந்த ">" தன் உண்மையான வேலையைச் செய்கிறது.) மற்றக் கணினியில் புதிய சூழல் ஒன்றில் `பிப் இன்ஸ்டோல் -ஆர் ரெக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி`. என்பிஎம்மில் இதே வேலையை, எல்லாப் பொதிகளின் பதிப்பையும் குறித்து வைக்கும் பூட்டுக் கோப்பு செய்கிறது. அதை நண்பருக்கு அனுப்பும்போது விட்டுவிடாதீர்கள், அவர் `என்பிஎம் சிஐ` என்று நிறுவட்டும்.

"பழைய வேர்ஷன் எண்டா ஆபத்துத்தானே? புதுசு எப்பவும் பாதுகாப்புத்தானே?"

பொதுவாகப் புதியது பாதுகாப்பானது, எப்போதும் அன்று. 2024 மார்ச் 29 அன்று அன்ட்ரெஸ் ப்ரொய்ன்ட் என்ற மென்பொருளாளர், எக்ஸ்செட் என்ற சுருக்கல் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ இரகசிய வாசல் வைத்திருப்பதை வெளியிட்டார். தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்எச் மூலம் உள்நுழைவதற்கு வழக்கத்தை விட அரை வினாடி கூடுதலாக எடுத்ததே அவருக்குச் சந்தேகம் எழக் காரணம். அன்று உலகம் முழுவதும் செய்தது பழைய பதிப்புக்கு இறங்குவதைத்தான். டெபியன் தன் சோதனைக் கிளைகளில் அதை இறக்கிய விதம் அழகானது. ஆப்ட் தானாகக் கீழே இறங்காது, மேலேதான் ஏறும் என்பதால், உள்ளே 5.4.5 ஐ வைத்து, மேலே "5.6.1+ரியலி5.4.5-1" என்ற பெரிய எண்ணை ஒட்டி அனுப்பியது. பதிப்புப் பட்டியலில் "ரியலி" என்ற சொல்லைக் கண்டால், உள்ளிருப்பது அதற்குப் பின்னால் உள்ள எண்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எண் பழையதாகத் தெரிந்தாலும் உள்ளே திருத்தம் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். டெபியன் 12 தன் பொதிகளின் முதன்மை எண்ணைப் பெரும்பாலும் மாற்றாமல், பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் உட்செலுத்தி, வாலில் "டெப்12யு1", "டெப்12யு2" என்று கூட்டிக்கொண்டு போகும். ஆகவே முன் எண்ணை மட்டும் பார்த்து "இது ஓட்டை" என்று சொல்லும் கருவிகளை நம்பி இறக்கவோ ஏற்றவோ வேண்டாம். `ஆப்ட் சேஞ்ச்லொக் பெயர்` என்று இட்டால், எந்த வாலில் எந்தத் திருத்தம் வந்தது என்று திகதியுடன் காட்டும்; இணையம் மட்டும் வேண்டும்.